உறைகடலும் உழைப்பும்: ‘ஆறாந்திணை’ பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

கடந்த முப்பது ஆண்டுகளாக ஈழத்துப் புலம்பெயர் இலக்கியம் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் ‘ஆறாந்திணை’ என்னும் தொடர் அடிக்கடி எடுத்தாளப்பட்டு வருகின்றது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்துடன், தமிழர் சென்று குடியேறிய பனி நிலத்தையும் ஒரு திணையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே இத்தொடரின் உட்கிடை. 1994இல் இந்திரா பார்த்தசாரதியும் எஸ். பொன்னுத்துரையும் தொகுத்த சிறுகதைத் தொகுதி ‘பனியும் பனையும்’ என்ற தலைப்பைப் பெற்றமை இச்சிந்தனைக்கு வாய்ப்பான ஒரு சுருக்கக் குறியீடாக அமைந்தது. பனை பிறந்த மண்ணுக்கும் பனி புகுந்த மண்ணுக்கும் ஆகிவந்தது.

இவ்வழக்கை நாம் மறுக்க முற்படவில்லை. திணைகளை ஐந்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமென்ற விதி எதுவும் இல்லை. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை என்பதும், முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து பாலையாகின்றன எனச் சிலப்பதிகாரம் கருதுவதும் இலக்கிய மாணவர் அறிந்தவை. திணை என்பது மாறும் இயல்பினது; வரலாற்றுக்குட்பட்டது.

எமது ஐயம் வேறிடத்தில் எழுகின்றது. திணைக்கு முதல், கரு, உரி என்னும் மூன்று கூறுகள் உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல் முதலிய ஒழுக்கம் உரிப்பொருள். கருப்பொருளுள் வரும் ‘செய்தி’ என்பது அந்நிலத்து மாந்தரின் தொழில். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1970களில் திணைக்கோட்பாட்டை ஆராய்ந்தபோது, இத்தொழில் வேறுபாட்டையே திறவுகோலாகக் கொண்டு, திணைப் பாகுபாட்டின் அடியில் சமச்சீரற்று வளர்ந்த உற்பத்தி முறைகளைக் கண்டார். ஆயின் ஆறாந்திணை பற்றிய எமது விமரிசனங்களிலோ முதற்பொருளாகப் பனியும் உரிப்பொருளாகப் பிரிவும் தாராளமாகக் கிடைக்கின்றன. கருப்பொருளின் உயிர்நிலையான தொழில் மட்டும் பெரும்பாலும் காணக்கிடைப்பதில்லை. கதைகளில் உணவகத்துச் சமையலறையும் தொழிற்சாலையும் இடம்பெற்றிருக்கலாம். அவற்றுக்கு விளக்கம் எழுதுவோரின் கண்ணிற் படுவது யன்னலுக்கு வெளியே கொட்டும் பனியே.

இக்குறையை ஓர் எடுத்துக்காட்டுக் கொண்டு நோக்குவது பயனுடைத்து. அதன்பொருட்டு மாரியில் உறையும் வடகடலையும், அதன் கரையில் உழைத்த தமிழரையும் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். நோர்வேயின் வடகோடியிலுள்ள ஃபின்மார்க் பிரதேசமே எமது இறுதி இலக்கு. ஆயினும் அங்கு செல்லும் வழி பொஸ்டன், சென்னை, கொழும்பு, காரைநகர் ஆகிய இடங்களினூடாகவே செல்கின்றது. குளிர் ஒரு சரக்காக எம்மிடம் வந்த வரலாற்றை அறியாமல், நாம் கூலி உழைப்பாளராகக் குளிரிடம் சென்ற வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

2

முதலிற் கடல் உறையும் முறைமை பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும்.

குளத்து நீர் உறைவதும் கடல் உறைவதும் ஒன்றல்ல. நன்னீர் 4 பாகை செல்சியசில் மிகக் கூடிய அடர்த்தியை அடைகின்றது. அதற்குக் கீழே குளிருங்கால் இலேசாகி மேலே மிதக்கின்றது. எனவே குளத்தின் மேற்பரப்பு விரைவில் உறைந்துவிடும். கடல்நீரோ உவர்ப்புடையது. அது ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழ் 1.8 பாகையிலேயே உறையும். அந்நிலை வரும்வரை குளிரக் குளிரக் கனத்து அமிழ்ந்துகொண்டே இருக்கும். கீழிருந்து வெப்பமான நீர் மேலெழும். ஆகவே ஆழ்கடல் எளிதில் உறைவதில்லை. உறையும்போதும் அது உப்பைத் தன்னுள் முழுமையாக ஏற்பதில்லை. பெரும்பகுதியைக் கீழ்நீருக்குத் தள்ளிவிட்டு, எஞ்சியதைச் சிறு உவர்நீர்ப் பைகளாக அடக்கிக்கொள்கின்றது.

நிலத்துக்குள் நீண்டு புகுந்த ஒடுங்கிய கடற்கூறுகளில் நிலைமை மாறுபடுகின்றது. இவற்றை எமது புவியியற் பாடநூல்கள் நுழைகழி என வழங்கும். கழி என்பது நெய்தற் சொல் என்பதை ஈண்டு நினைவுகூரலாம். ஆறுகள் கொணரும் நன்னீர் இக்கழிகளின் மேற்பரப்பில் ஒரு படையாகப் பரவுகின்றது; அலையும் காற்றும் அங்கு குறைவு. எனவே மாரியில் கழியின் உட்கோடி உறைந்து கிடக்க, அதன் வாய் திறந்த கடலாகவே இருப்பதுண்டு. ஃபின்மார்க்கில் இதனைத் தெளிவாக அவதானிக்கலாம். வட அத்திலாந்திக் வெந்நீரோட்டம் நோர்வேயின் வெளிக்கரையை ஆண்டு முழுவதும் உறையாமற் காக்கின்றது. பொர்சாங்கர் போன்ற நெடுங்கழிகளின் உட்பகுதியோ மாரியில் உறைகின்றது. ஒரே கடலின் இவ்விரு நிலைகளும் பின்னர் எமது வாதத்துக்குத் தேவைப்படும்.

தமிழுக்கு இத்தோற்றம் புதியது. முன்பனி, பின்பனி எனப் பெரும்பொழுது ஆறனுள் இரண்டுக்குப் பெயரிட்ட எமது மொழியிற் பனி எனப்பட்டது துளியும் குளிருமேயன்றி, நடந்து கடக்கத்தக்க கெட்டி நீரன்று. நெய்தல் மாந்தர் அறிந்தது உப்பு. உப்பும் வெயிலும் கொண்டு அவர்கள் மீனைக் கருவாடாக்கினர். அதனால் மீன் காலத்தையும் தூரத்தையும் வென்றது. வடபுலத்தார் குளிர்காற்றைக் கொண்டு அதனையே செய்தனர். நோர்வேயின் லொஃபோட்டன் தீவுகளில் மரச்சட்டங்களில் தொங்கவிட்டு உப்பின்றி உலர்த்தப்படும் கொட் மீன் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பியச் சந்தைக்குச் சென்றது. உப்பும் குளிரும் ஒரே பணியைச் செய்யும் இரு கருவிகள். இக்கருவிகள் யார் கையில் இருந்தன என்பதே வரலாற்றின் வினா.

3

குளிர் ஒரு சரக்காக வெப்பநாடுகளுக்கு அனுப்பப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பொஸ்டன் வணிகரான பிரெடெரிக் டியூடர் 1806இல் மார்ட்டினிக் தீவுக்கு முதற் கப்பலை அனுப்பினார். 1833 மே மாதத்தில் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் ஏறத்தாழ 180 தொன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நான்கு மாதங்கள் கழித்துக் கல்கத்தாவை அடைந்தபோது 100 தொன் அளவில் எஞ்சியிருந்தது. மரம் அரியும் ஆலைகளின் கழிவான மரத்தூளே அதனை உருகாமற் காத்தது. இந்தியாவுக்குச் செல்லும் அமெரிக்கக் கப்பல்கள் போதிய சரக்கின்றி அடிப்பாரம் ஏற்றிச் சென்ற காலமது. அவ்விடத்தைப் பனிக்கட்டி நிரப்பியதால் கப்பற்கூலி மலிந்தது. கல்கத்தாவில் அதற்குச் சுங்கவரி விலக்களிக்கப்பட்டது. 1842 அளவிற் சென்னைக் கடற்கரையில் எழுப்பப்பட்ட பனிக்கட்டிக் களஞ்சியம் ‘ஐஸ் ஹவுஸ்’ என்ற பெயரால் அப்பகுதியையே குறிக்கலாயிற்று. பிற்காலத்தில், 1897இல், விவேகானந்தர் தங்கிய அக்கட்டடம் இன்று அவர் பெயரால் அறியப்படுகின்றது.

இங்கு அரசியற் பொருளாதார நோக்கில் ஒரு கேள்வி எழுகின்றது. மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளங்களின் பனிக்கட்டிக்கு விலை எங்கிருந்து வந்தது? குளிர் இயற்கையின் கொடை; அதனை ஒருவரும் உற்பத்தி செய்யவில்லை. இக்கேள்விக்கு 1844ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று விடை பகர்கின்றது. அவ்வாண்டு மாரியிற் பொஸ்டன் துறைமுகமாகிய கடற்குடா உறைந்தது. கியூனார்ட் நிறுவனத்தின் ‘பிரித்தானியா’ என்ற நீராவிக் கப்பல் தபாலுடன் உள்ளே அகப்பட்டுக்கொண்டது. துறைமுகத்தின் நற்பெயர் கெட்டால் வணிகம் நியூயோர்க்குக்குச் சென்றுவிடும் என அஞ்சிய நகர வணிகர்கள் தம் பணத்தைச் செலவிட்டு, ஏறத்தாழ ஏழு மைல் நீளத்துக்கு உறைகடலைப் பிளந்து வழியமைத்தனர். பெப்ரவரித் தொடக்கத்தில் அக்கப்பல் வெளியேறிற்று. அதற்குக் கைகொடுத்தவை, நன்னீர்க் குளங்களிற் பனிக்கட்டி அறுப்பதற்கென உருவான, குதிரை இழுக்கும் கலப்பைகளும் வாள்களுமே.

ஒரே மாரியில், ஒரே ஊரில், ஒரே கருவிகளால் இருவகைப் பனி வெட்டப்பட்டது. குளத்துப் பனி செல்வம். குடாவின் பனி இடர். ஒன்றை வெட்டியவர்க்கு வருவாய். மற்றையதை வெட்டுவித்தவர்க்குச் செலவு. குளிரில் வேறுபாடில்லை. குடிப்பதற்குரிய நன்னீர்ப் பனிக்குப் பயன்பெறுமானம் உண்டு என்பது உண்மையே. ஆயின் அது பரிமாற்றப் பெறுமானம் பெற்றது வெட்டி, இழுத்து, அடுக்கி, தூளிட்டுப் பொதிந்து, கடல் கடத்திய உழைப்பினாலேயே. கடற்பனியை வெட்டிய உழைப்பும் அதே உழைப்பே. அதன் பயன் ஒரு சரக்கின் வடிவை அடையாது, வணிகத்தின் வழியைத் திறந்ததோடு நின்றது.

அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1854இல் வெளியிட்ட ‘வால்டன்’ என்னும் நூலிற் குளத்துப் பனி வெட்டப்பட்டதை விரித்துரைத்துள்ளார். சென்னை, பம்பாய், கல்கத்தா மாந்தர் தம் குளத்து நீரைப் பருகுவதையும், அந்நீர் கங்கை நீருடன் கலப்பதையும் எண்ணி அவர் வியக்கின்றார். நூறு ஐரிஷ் தொழிலாளர் மேற்பார்வையாளரின் கீழ் நாள்தோறும் வந்து பனி வெட்டியதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. ஆயினும் அவ்வத்தியாயத்தின் உச்சம் தொழிலாளரிடம் இல்லை. இரு புனித நீர்களின் ஆன்மிகச் சந்திப்பிலேயே உள்ளது. கல்கத்தாவிற் பனிக்கட்டி யாருடைய கிண்ணத்தில் இடப்பட்டது என்ற வினா எழவில்லை. ஆறாந்திணை விமரிசனத்தில் நாம் காணும் அதே சறுக்கல் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பேரெழுத்தாளரிடம் நேர்ந்திருக்கின்றது. தொழில் கண்ணிற் படுகின்றது; பொருளாகக் கொள்ளப்படுவதோ காட்சி.

4

கொழும்பில் இவ்வரலாறு இயந்திரத்துடன் தொடங்குகின்றது. 1866இல் கொழும்பு ஐஸ் கொம்பனி நிறுவப்பட்டது. கொம்பனித்தெருவில் வளர்ந்த இத்தொழில் 1941இல் ‘சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ்’ என்ற பெயரைப் பெற்றது. யானைச் சின்னமிட்ட அதன் குளிர்பானங்களை இன்று இலங்கையில் அறியாதார் இல்லை. 1866 என்னும் ஆண்டு கவனத்துக்குரியது. அது கோப்பிப் பெருந்தோட்டம் உச்சநிலையை நெருங்கிய காலம்; இலைநோய் 1869இல் வந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். அவ்வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். அதே தோட்டத்தின் இலாபத்தால் வாழ்ந்தோரின் கழகங்களுக்குக் குளிர்ந்த பானம் கிடைத்தது. நல்ல குடிநீர் இன்றி மடிந்தோரும் பனிக்கட்டி இட்டுப் பருகியோரும் ஒரே உற்பத்தி அமைப்பின் இரு முனையினர்.

ஆடம்பரப் பொருளாக வந்த பனிக்கட்டி படிப்படியாக உற்பத்திக் கருவியாகியது. மீன் வாணிபமே இம்மாற்றத்தின் களம். கருவாடு செய்யும் உப்பும் வெயிலும் மீனவர் குடும்பத்தின், குறிப்பாக அதன் பெண்களின், கையில் இருந்தன. பனிக்கட்டியோ ஆலையில் உற்பத்தியாவது; வாங்க வேண்டியது; கரைந்துபோவது. பிடித்த மீனைப் பனிக்கட்டியில் இட்டுப் புகையிரதத்திலும் பின்னர் லொறிகளிலும் கொழும்புக்கு அனுப்பக்கூடிய நிலை தோன்றியதும், பச்சை மீனின் விலை உயர்ந்தது. அவ்வுயர்வைப் பெற்றவர் பெரும்பாலும் பனிக்கட்டியையும் பெட்டியையும் லொறியையும் உடையவரே. வட பகுதியிற் சம்மாட்டி எனவும் தெற்கில் முதலாளி எனவும் வழங்கப்பெறுவோரிடம் முற்பணம் பெற்ற மீனவர், அவர் குறித்த விலைக்கே மீனைக் கொடுக்கக் கட்டுண்டார். கடல் இன்னும் பொதுவே; குளிர் தனியுடைமையாயிற்று.

பேலியகொடையின் மொத்தச் சந்தையில் விடியற்காலையில் இதனை எவரும் நேரிற் காணலாம். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த றெஜிபோம் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. நொறுக்கிய பனிக்கட்டிக்குள் மீன் கிடக்கின்றது. அதே மீன் வெள்ளவத்தைச் சந்தையிலும் கொட்டாஞ்சேனைத் தெருவோரத்திலும் பகலில் விலைப்படும்போது, அதன் விலையில் எத்தனை பங்கு கடலுக்கு இறங்கியவனுடையது, எத்தனை பங்கு குளிருக்குரியவனுடையது என்பதை வாங்குவோர் எண்ணிப்பார்ப்பதில்லை.

5

இக்கட்டத்தில் நோர்வே எமது வரலாற்றினுள் நுழைகின்றது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944இன் பிற்பகுதியில், பின்வாங்கிய ஜேர்மானியப் படைகள் ஃபின்மார்க்கின் ஊர்களை எரித்தழித்தன. போரின் பின்னர் அரசின் துணையுடன் அப்பிரதேசம் மீளக் கட்டியெழுப்பப்பட்டது. மீனை உலர்த்தி விற்ற கரையூர்களில், மீனைச் சீவி எலும்பகற்றிப் பொதிசெய்து உறையவைக்கும் ஆலைகள் எழுந்தன. ஹம்மர்ஃபெஸ்ட், வார்டோ, பொட்ஸ்ஃபியோர்ட் போன்ற துறைகள் இவ்வாலைகளை நம்பி வாழலாயின.

இவ்வனுபவத்தையே நோர்வே வெளிநாடுகளுக்கும் உதவியாக வழங்க முன்வந்தது. 1952இற் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி 1953இற் கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் இந்திய-நோர்வேத் திட்டம் தொடங்கியது. இயந்திரப் படகும் பனிக்கட்டி ஆலையும் அங்குள்ள வறிய மீனவருக்கும் உள்ளூர் நுகர்வோருக்கும் பயன்பட வேண்டும் என்பதே நோக்கம். நடந்ததோ வேறு. குளிரூட்டும் வசதி இறாலை அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பும் வழியைத் திறந்தது. இழுவைப் படகுகள் பெருகின. அவற்றின் உடைமை வணிகரிடம் குவிந்தது. நல்லெண்ணம் உற்பத்தி உறவுகளை மாற்றுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

ஈழத்தில் இத்தொடர்பு ஒரு தமிழரால் ஏற்பட்டது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேயை அடைந்தார். அந்நாட்டில் வாழத் தொடங்கிய முதற் தமிழராக அவரைக் கருதுவர். நோர்வே மக்களிடையே திரட்டிய நிதியைக் கொண்டு அவரும் நோர்வே நண்பர்களும் 1967இல் ‘சீநோர்’ நிறுவனத்தைக் காரைநகரில் தொடங்கினர். படகு கட்டுதலும் மீன் பதனிடுதலும் காரைநகரில் நிகழ்ந்தன. குருநகரில் வலைத் தொழிலகம் அமைந்தது. கேரளத்துத் திட்டம் இரு அரசுகளுக்கிடையிலானது. இது மக்கள் முயற்சி. எனினும் பின்னர் இது அரசின் கீழ் வந்தது. போர்க்காலத்தில் அத்தொழிலகங்கள் செயலிழந்தன. சீநோர் என்னும் பெயரில் அரச நிறுவனம் இன்றும் உள்ளது. வடகடலில் மீனவரின் நிலையோ வேறு. போர்க்காலக் கடற்றடைகள் அவர்களைக் கரையிற் கட்டிப்போட்டன. 1990இல் மக்கள் வெளியேறிய மயிலிட்டித் துறைமுகம் 2017இலேயே அவர்களிடம் மீண்டது. இருபத்தேழு ஆண்டுகள் ஒரு நெய்தல் நிலம் தன் கருப்பொருளை இழந்து கிடந்தது.

6

அன்ரனி இராஜேந்திரத்தின் தொடர்புகளே இளைஞர்களுக்கு நோர்வேயின் கதவைத் திறந்தன. அந்நாடு 1975இற் தொழிலாளர் குடிவரவை நிறுத்தியது. ஆயின் மக்கள் உயர்நிலைப் பள்ளிகள் எனப்படும் வதிவிடப் பள்ளிகளுக்கு மாணவராகச் செல்ல இடமிருந்தது. 1983 ஜூலை வன்செயல்களின் பின்னர் மாணவராகவும் அகதியாகவும் சென்றோர் பெருகினர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்த லொட்ஜுகளில், பொலிஸ் பதிவுக்கும் சுற்றிவளைப்புக்கும் அஞ்சியபடி, முகவரின் அழைப்புக்காக மாதக்கணக்கிற் காத்திருந்த ஒரு தலைமுறையை இந்நகர் அறியும். வடதுருவத்துக்குச் செல்லும் பாதை இத்தெருக்களினூடாகவே சென்றது.

நோர்வேயில் வேலை கிடைத்த இடங்களுள் ஃபின்மார்க்கின் மீன் ஆலைகள் முதன்மையானவை. அங்கு ஏன் ஆட்களுக்கு இடமிருந்தது? மீன் சீவும் வரிசையில் நின்றவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். கல்வியும் அரச சேவையும் விரிவடைந்தபோது இளைய தலைமுறை அவ்வேலையை விட்டகன்றது. பலர் தெற்கே சென்றனர். முன்னர் ஃபின்லாந்திலிருந்து வந்தோர் நிரப்பிய வெற்றிடத்தைத் தமிழர் நிரப்பினர். நோர்வேத் தமிழரை ஆராய்ந்த மானிடவியலாளர் ஒய்விண்ட் ஃபுக்லெருட் 1999இல் வெளியிட்ட நூல் இச்சமூகத்தைப் பற்றிய முக்கியமான ஆய்வுகளுள் ஒன்று.

இங்கு நாம் முன்னர் குறிப்பிட்ட இயற்கை வேறுபாட்டுக்கு மீள வேண்டும். உறைந்த கழி ஃபின்மார்க்கின் உட்பகுதியில் உள்ளது. ஆலையோ வெளிக்கரையில், உறையாத துறையில் உள்ளது. கடல் உறையாதிருப்பதாலேயே படகு மாரியிலும் கடலுக்குச் செல்கின்றது. மாரிப் பிற்பகுதியிலும் இளவேனிலிலும் முட்டையிடக் கரைநாடும் கப்லின் மீன்களைத் தொடர்ந்து கொட் மீன் பெருந்திரளாக வருகின்றது. எமது கவிதைகளில் மாரி இயக்கமற்ற சாவின் குறியீடாகின்றது. ஃபின்மார்க்கின் உற்பத்தியில் அது உச்சப் பருவத்தின் வாயில். கடல் திறந்துகிடக்க, மீன் மட்டும் ஆலையினுள் உறைகின்றது. அவ்வுறைவு இயற்கையின் தொழிலன்று, இயந்திரத்தினதும் உழைப்பினதும் தொழில். பனியை மட்டும் பார்ப்போர் உறைந்த கழியைக் காண்பர். உறையாத துறையையும் அதன் கரையில் நிற்கும் தொழிலாளரையும் காணார்.

பொழுதும் அவ்வாறே. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, கதிரவனின் சாய்வு. ஃபின்மார்க்கில் நவம்பர்ப் பிற்பகுதியிலிருந்து ஜனவரிப் பிற்பகுதிவரை கதிரவன் எழுவதேயில்லை. எற்பாடு என ஒன்றில்லாத நெய்தல் அது. அங்கு பொழுதை வகுத்தது வானமன்று, ஆலையின் வேலைமுறை. ஈரத்தரையில், குளிர்ந்த மீனைக் கையுறைக் கையால் ஏந்தி, ஒரே அசைவை நாள்முழுதும் மீளச் செய்யும் வேலைக்கு இரவும் பகலும் ஒன்றே.

இதனினும் ஆழமான ஒரு மாற்றமும் அங்கு நிகழ்ந்தது. யாழ்ப்பாணச் சமூக அமைப்பில் மீன்பிடியும் மீன் வெட்டுதலும் குறிப்பிட்ட சாதியினர்க்கு உரியனவாகக் கணிக்கப்பட்டன. மீன் உண்போர் அனைவரும் மீனைத் தொடுவோரை மதித்தாரல்லர். ஃபின்மார்க்கின் ஆலை வரிசையிலோ வயலுடைய குடும்பத்து மகனும் கரையோரத்து மகனும் ஒரே கத்தியுடன் ஒரே மேசையில் நின்றனர். அவர்க்குக் கூலியை நிர்ணயித்தது பிறப்பன்று, தொழிற்சங்க உடன்படிக்கை. நூற்றாண்டுகளாக நிலமும் கோயிலும் கட்டிக்காத்த ஒரு வேலைப் பிரிவினையைக் கூலியுழைப்பு சில ஆண்டுகளில் உடைத்தது. ஆனால் உற்பத்தி உறவு மாறிய வேகத்தில் உணர்வு மாறிற்று எனக் கூறுவதற்கில்லை. மணப்பேச்சு எழுந்தவிடத்து ஊரும் சாதியும் மீண்டும் விசாரிக்கப்பட்டன. மீன் வெட்டிய கூலியில் அனுப்பிய பணம் வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடாகவும் ஊரில் கோயிற் திருப்பணியாகவும் உருமாறியபோது, அது எவ்வேலையின் பணம் என்பது பேசப்படாது விடப்பட்டது. இலக்கியத்திலே பனி பேசப்பட்டு மீன் மறைக்கப்பட்டதற்கு இந்நாணமும் ஒரு காரணமாகலாம் என நாம் கருதுகின்றோம். காட்சியாகிய பனிக்குச் சாதியில்லை, மீனுக்கு உண்டு.

1990இல் நோர்வேயின் கொட் மீன்பிடி ஒதுக்கீடு கடுமையாகக் குறைக்கப்பட்டது. ஆலைகளில் வேலை நிலையற்றதாயிற்று. தமிழ்க் குடும்பங்கள் பல ஒஸ்லோ நோக்கி இடம்பெயர்ந்தன. இன்று அந்நாட்டில் வாழும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தமிழருட் பெரும்பாலோர் தென்பகுதி நகரங்களிலேயே உள்ளனர். வடகரையின் ஆலைகளில் வேறு நாட்டவர் நிற்கின்றனர். பரன்ற்ஸ் கடலின் மாரிக்காலப் பனிப்பரப்போ புவி வெப்பமடைதலால் ஆண்டுக்காண்டு சுருங்கி வருகின்றது. திணையின் முதற்பொருளே மாறிக்கொண்டிருக்கின்றது.

7

தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிபுகள் பெறப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் குளிர் தமிழரிடம் சரக்காக வந்தது. அதனை வெட்டியவர் ஐரிஷ் தொழிலாளர், நுகர்ந்தவர் ஆட்சியாளர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது உற்பத்திக் கருவியாக வந்தது. அதனை உடைமையாக்கியவர் வணிகர், அதற்குக் கட்டுண்டவர் மீனவர். அந்நூற்றாண்டின் இறுதியில் தமிழர் தாமே குளிரிடம் சென்றனர். அப்போது ஐரிஷ் தொழிலாளரின் இடம் அவருடையதாயிற்று. மூன்று கட்டங்களிலும் பனி ஒன்றே. மாறியவை பனியோடு மனிதர் கொண்ட உறவும், அவ்வுறவினூடாக மனிதர் ஒருவரோடொருவர் கொண்ட உறவுமே.

எனவே ஆறாந்திணை உண்டென்றால், அது பனி பெய்யுமிடமெல்லாம் பரந்து கிடப்பதன்று. அதற்குரிய தொழில் எது, அத்தொழிலின் கருவி யாருடையது, அங்கு இட்ட உழைப்பு எவ்வடிவில் ஊர் திரும்பியது என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அதனைத் திணை எனல் தகும். அதுவரை அது வெறும் வருணனை.

இப்பணி காலத்தாற் பின்தள்ளத்தக்கதன்று. எண்பதுகளில் ஃபின்மார்க்கின் ஆலைகளில் நின்ற இளைஞர் இன்று அறுபது வயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் மீனின் பாகங்களுக்கும், கத்திக்கும், வேலைமுறைக்கும் தம்முள் வழங்கிய சொற்கள் எந்த அகராதியிலும் இல்லை. அவர்களது உறவினர் எமது நகரிலேயே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், வாழ்கின்றனர். விடுமுறைக்கு அவர்கள் வந்து தங்குவதும் அங்குதான். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தம் மாணவரை ஒலிப்பதிவுக் கருவியுடன் அவ்வீடுகளுக்கு அனுப்புமாயின், ஆறாந்திணையின் கருப்பொருள் முதன்முறையாகத் தொகுக்கப்படும். அவர்களிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி குளிர் எப்படியிருந்தது என்பதன்று. நாளொன்றுக்கு எத்தனை பெட்டி மீன் வெட்டினீர்கள் என்பதே.